குறுகலான தெருவில் பள்ளம் தோண்டுகிறோமா? தடுப்பும் விளக்கும் வைக்க முழுமையான வழிகாட்டி

சிதம்பரம் பக்கத்துக் குமராட்சி சுற்றுவட்டாரத்தில் குடியிருப்புத் தெரு என்றால் பெரும்பாலும் பத்து அடி, மிஞ்சினால் பன்னிரண்டு, பதினைந்து அடி. இரண்டு பக்கமும் வாசல்படி, சைக்கிள், நிறுத்திவைத்த பைக், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. குடிநீர்க் குழாய், வடிகால், கேபிள், பேவர் பிளாக் எல்லாம் இந்த அகலத்துக்குள்தான் வந்தாக வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, குழாய்க்காக வெட்டுப்பட்ட கிராமத் தெருக்கள் ஏராளம். அடுத்தது நம் தெருவாக இருக்கலாம்.

முதல் முறையாகச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்தவர், மேஸ்திரி, மகளிர் குழு, தெருவில் அக்கறையுள்ள இளைஞர்கள் என்று யாராக இருந்தாலும் சரி. பள்ளம் வெட்டும் முன்பிருந்து மூடிய பிறகு வரை என்னென்ன செய்யவேண்டும் என்பதை வரிசையாகப் பார்த்துவிடுவோம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

## தடுப்பு என்றால் எது?

வேலை நடக்கும் இடத்தில் மூன்று காரியம் நடக்கவேண்டும். தூரத்தில் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். பக்கத்தில் வந்தவரைப் பள்ளத்தில் விழாமல் நிறுத்தவேண்டும். சுற்றிப் போகிறவருக்குக் காலடி தெரியவேண்டும். முதல் வேலையைப் பலகையும் மினுக்கும் விளக்கும் செய்யும், இரண்டாவதைத் தடுப்பு செய்யும், மூன்றாவதை நிலையாக எரியும் விளக்கு செய்யும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகிவிடாது.

இப்படிப் பார்த்தால் நாம் எங்கும் காணும் சிவப்பு வெள்ளை டேப் தடுப்பே அல்ல. ஐந்து வயதுப் பிள்ளை ஓடிவந்து மோதினால் டேப் அறுந்துவிடும். மாடு அதை மென்று பார்க்கும். நான்கு கல்லும் ஒரு மரக்கிளையும் வைப்பது இன்னும் மோசம். ராத்திரியில் அந்தக் கல்லே ஆளைத் தள்ளிவிடும்.

2022 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாட்களில், சென்னை ஜாபர்கான்பேட்டை அருகே மழைநீர் வடிகாலுக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் ராத்திரி நேரம் விழுந்த இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். தோண்டிய இடங்களில் எல்லாம் தடுப்பு வைக்கச் சொல்லி அதன் பிறகு உத்தரவுகள் பறந்தன. மாநகராட்சியும் பொறியாளர்களும் தெருவிளக்கும் உள்ள ஊரின் கதை இது. நம் ஊர்த் தெருவில் மின்சாரம் போனால் முழு இருட்டு.

## யாரைக் கேட்பது, யார் பொறுப்பு?

தெரு ஊராட்சிக்குச் சொந்தமென்றால் ஊராட்சி அலுவலகம், அதற்கு மேல் குமராட்சி ஒன்றியத்தின் பி.டி.ஓ. சிதம்பரம் நகருக்குள் என்றால் நகராட்சி. சிதம்பரம்–காட்டுமன்னார்கோவில் சாலை மாதிரி பெரிய சாலையின் ஓரத்தைத் தொட்டால் அந்தச் சாலையைப் பராமரிக்கும் நெடுஞ்சாலைப் பிரிவிடம் போகவேண்டும். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியாகச் "சரி, பண்ணிக்கோங்க" என்று சொன்னவர் ஏதாவது ஆனால் அங்கே இருக்கமாட்டார்.

வேலையை எடுத்தவர்தான் தடுப்புக்கும் பொறுப்பு. மத்திய பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளும், அதே வழியில் எழுதப்படும் ஒப்பந்தங்களும், பொதுமக்களைக் காக்க வேலியும் விளக்கும் ஒப்பந்ததாரரே வைக்கவேண்டும் என்று நேராகச் சொல்கின்றன. ஆகவே எஸ்டிமேட் போடும்போதே "தடுப்பு, விளக்கு, இரவுக் காவல்" என்று தனி வரி ஒன்றைச் சேர்த்துவிடுவோம். சேர்க்காவிட்டால் அந்தப் பணம் நம் லாபத்திலிருந்துதான் போகும்; லாபத்திலிருந்து போகவேண்டிய பணம் பெரும்பாலும் போகவே போகாது.

வெட்டுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அடுத்தது. 2023 மார்ச்சில் மத்திய அரசு "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டப்போகும் இடத்தை அதில் பதிந்தால் கேபிள், குழாய் பதித்த நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதோடு ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வீட்டு இணைப்பு எங்கே திரும்புகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

## எப்போது தோண்டுவது?

ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்ப்பது முதல் பாதுகாப்பு. வடகிழக்கு மழை நமக்குத்தான் அதிகம் பெய்கிறது. கொள்ளிடக் கரை, வீராணம் பாசனப் பகுதி எல்லாம் களிமண். ஒரு ராத்திரி மழையில் பள்ளத்தின் விளிம்பு இளகிச் சரியும். நீர் நிரம்பிவிட்டால் பள்ளம் எது, தெரு எது என்றே தெரியாது.

தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை மிஷினும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் போகும் தெருவென்றால் அந்தச் சில வாரங்களைக் கழித்துவிட்டு வெட்டுவோம். கோயில் திருவிழா, தீமிதி, சாமி புறப்பாடு எப்போது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிதம்பரத்தில் வேலை என்றால் ஆனியும் மார்கழியும் நினைவில் இருக்கட்டும். நடராஜர் தேர் ஓடும் நான்கு வீதிகள் பக்கம் அப்போது கடப்பாரையையே கொண்டுபோக முடியாது.

## எவ்வளவு தோண்டுவது?

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அதிக ஆபத்தைக் குறைக்கிறது.

பொக்லைன் வாடகை மணிக்கணக்கு. அதனால் வந்த அன்றே தெரு முழுவதையும் வெட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். முந்நூறு அடி பள்ளம் வாய்திறந்து கிடக்கும். குழாய் வர நான்கு நாள் ஆகும். பிட்டர் வர இன்னும் இரண்டு நாள். கடலூரில் பாதாளச் சாக்கடைக்காக ஆண்டுக்கணக்கில் தெருக்கள் தோண்டிக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்த காட்சியைச் சொல்லவேண்டியதில்லை.

குறுகலான தெருவில் காலையில் எவ்வளவு வெட்டினால் மாலைக்குள் குழாய் இறக்கி மூட முடியுமோ, அவ்வளவுதான் வெட்டவேண்டும். ஆள் வைத்து வெட்டினால் முப்பது, நாற்பது அடி. இயந்திரம் என்றால் நூறு அடி. குழாய் தெருவுக்கு வந்து சேராமல் முதல் வெட்டு வேண்டாம். மூடிய பள்ளத்துக்குத் தடுப்பே தேவையில்லை, அதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

ஆழம் ஒன்றரை மீட்டரைத் தொட்டால், அதாவது ஐந்து அடி அளவுக்கு வந்தால், பக்கச் சுவரைப் படியாகச் சரித்து வெட்டவேண்டும் அல்லது பலகை, கட்டை கொடுத்து முட்டுக் கொடுக்கவேண்டும். நான்கு அடிக்கு மேல் ஆழமென்றால் உள்ளே இறங்க ஏணி அவசியம். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டவேண்டும் என்கிறது விதி. பன்னிரண்டு அடித் தெருவில் அந்த இடம் இருக்காது. டிராக்டர் டிப்பரில் ஏற்றிப் பொது இடத்தில் கொட்டி, மூடும்போது திரும்பக் கொண்டுவருவோம். விளிம்பிலேயே குவித்த மண் பள்ளத்தைச் சரியவைக்கும், பாதையையும் தின்றுவிடும்.

## என்னென்ன வேண்டும்?

நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. ஆறு அடிச் சவுக்குக் கட்டையைக் கம்பமாகவும், மெல்லிய சவுக்கைக் குறுக்குக் கழியாகவும் வைத்தால் அருமையான வேலி. மண் தரையில் ஒன்றரை அடி ஆழம் நடலாம்; ஆனால் பள்ள விளிம்பை ஒட்டி அடித்தால் களிமண் வெடித்துவிடும், இரண்டு அடியாவது தள்ளியிருக்கட்டும். சிமென்ட் தெருவில் நட முடியாது. காலியான 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் கட்டையை நிறுத்தி ஜல்லி சிமென்ட் கலவை ஊற்றினால் தானாக நிற்கும் கம்பம் கிடைக்கும். அடுத்த தெருவுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

குறுக்குக் கழி இரண்டு வரிசை. மேல் வரிசை மூன்று அடிக்குக் குறையாமல், அதாவது பெரியவரின் கை எட்டும் உயரத்தில். கீழ் வரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஓடவேண்டும். பார்வையில்லாதவரின் கைத்தடி பள்ளத்தைத் தொடும் முன் எதிலாவது தட்டவேண்டும் அல்லவா? பிரிட்டனின் சாலைப்பணிப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இதற்காகவே ஒரு பலகை கேட்கிறது: 15 சென்டிமீட்டர் அகலம், அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள். பழைய சென்ட்ரிங் பலகை போதும், நமக்குக் காசு செலவில்லை. தவழும் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அதே பலகைதான் தடுப்பு.

கம்பத்துக்கும் கழிக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, மேலே ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுவோம். மின்சாரமும் பேட்டரியும் இல்லாமல் பைக் வெளிச்சத்திலேயே மின்னும். சுற்றி வரத் திருப்பிவிடும் இடத்தில் ரப்பர் அடியுள்ள கோன்கள். இலேசான பிளாஸ்டிக் கோன் வாங்கினால் ஆடிக் காற்றில் பக்கத்துத் தெருவில் தேடவேண்டியிருக்கும்.

அறிவிப்புப் பலகை மூன்று: தெருவின் இரண்டு முனையில் ஒவ்வொன்று, பள்ளத்துக்கு அருகில் ஒன்று. பெரிய எழுத்தில் தமிழில் "பள்ளம் – வேலை நடக்கிறது", கீழே வேலை முடியும் தேதி, பொறுப்பாளரின் செல்பேசி எண். ஃபிளெக்ஸில் தலைவர் படம் போட இடம் தேடவேண்டாம்.

## எவ்வளவு செலவு?

அன்றன்றே மூட முடியாத நூறு அடிப் பள்ளம், ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை கடைக்குக் கடை மாறும்; இது தோராயம்.

சவுக்குக் கம்பம் 35, ஒன்று 80 ரூபாய் வீதம் 2,800. குறுக்குக் கழி 35, அறுபது ரூபாய் வீதம் 2,100. கோன் பத்து, 3,500. ரேடியம் ஸ்டிக்கர் ஒரு சுருள் 800. பேட்டரியில் மினுக்கும் விளக்கு (பிளிங்க்கர்) ஆறு, 3,000. சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கு நான்கு, 3,600. பலகை மூன்று, சட்டத்தோடு 2,100. கயிறு, ஆணி, மணல் மூட்டைக்குச் சாக்கு 600. ஆக 18,500 ரூபாய். இரவுக் காவலுக்கு ஏழு ராத்திரி, 600 ரூபாய் வீதம் 4,200. மொத்தம் 22,700.

முதல் தெருவுக்கு மட்டும்தான் இவ்வளவு. இரண்டாவது தெருவில் காவல் கூலியும் கொஞ்சம் ஸ்டிக்கரும்தான் புதுச் செலவு. சுற்றியுள்ள நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டால், யார் வேலை எடுத்தாலும் வாடகைக்குக் கொடுக்கலாம். ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் தடுப்பு கிடைக்காதா என்ன?

## எந்த வரிசையில் வைப்பது?

இந்திய சாலைக் காங்கிரஸ் வேலை நடக்கும் இடங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. எண் எஸ்.பி. 55, 2001-ல் வந்து 2014-ல் திருத்தப்பட்டது. அதன்படி இடத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளவேண்டும்: முன்னெச்சரிக்கை, ஒதுங்கித் திரும்பும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி. நெடுஞ்சாலைக்கு அதில் சொல்லும் தூரங்கள் நம் தெருவுக்குள் அடங்காது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வெறும் தெருவில் ஒரு நடை. எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வளைவில் பைக் வேகமாக வருகிறது, யார் வீட்டு நிழல் எங்கே விழுகிறது என்பதெல்லாம் பகலில் தெரியாது. எரியாத விளக்கை ஊராட்சியில் சொல்லி மாற்றச்சொல்லலாம். மின்கம்பத்திலேயே கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.

பிறகு வீடு வீடாகச் சொல்லிவருவோம். கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் போக மீதி எட்டு அடி இல்லையென்றால் 108 வண்டி உள்ளே வராது என்றே வைத்துக்கொண்டு, எந்த முனையில் நிறுத்துவது என்று அந்த வீட்டுக்காரர்களோடு பேசிவைத்துவிடலாம்.

காலையில் முதலில் தெருமுனைப் பலகை. முனையில் திரும்பி உள்ளே வந்தபின் பள்ளத்தைப் பார்க்கும் டிராக்டர் ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய ஆபத்து. அடுத்து கோன்களைச் சாய்வாக வைத்துப் பாதையைத் திருப்புவது. பிறகு வேலி. வேலி நின்ற பிறகே கடப்பாரை. நடக்க மூன்று அடி வழியாவது தடையில்லாமல் இருக்கவேண்டும். அதுவும் முடியாவிட்டால் தெருவை மூடிவிட்டு மாற்றுத் தெருவை அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுவது மேல்.

வாசல்களுக்குக் குறுக்கே பலகைப் பாலம் போடுவோம். ஒற்றைப் பலகை வேண்டாம். இரண்டரை, மூன்று அடி அகலத்துக்குப் பலகைகளைச் சேர்த்து அடியில் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறாவது கட்டவேண்டும். இரும்புத் தகடு கேட்பார்கள். எட்டுக்கு நான்கு அடி, 6 மில்லிமீட்டர் தகடே கிட்டத்தட்ட 140 கிலோ, மழையில் வழுக்கும். கார் ஏறவேண்டுமென்றால் தகட்டின் கனத்தைப் பொறியாளர் சொல்லட்டும், நாமாக முடிவெடுக்க வேண்டாம்.

## விளக்கு

பழைய பொதுப்பணித் துறை வேலைகளில் சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கை மாலையில் ஏற்றிவைத்துவிட்டுக் காவலாளி பக்கத்திலேயே படுத்திருப்பார். விளக்கைவிட அந்த ஆள்தான் பெரிய பாதுகாப்பு.

இப்போது இரண்டு வகை வேண்டும். மஞ்சள் பிளிங்க்கர் வண்டிக்காரருக்கு. வேலியின் இரண்டு கோடியிலும், தெருவை நோக்கித் திரும்பும் மூலைகளிலும் கட்டுவோம். மினுக்கும் விளக்கு தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் அதில் காலடி தெரியாது. ஆகவே நடைவழிக்கும் பலகைப் பாலத்துக்கும் நிலையாக எரியும் வெள்ளை விளக்கு. அதை எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்த்துச் சாய்க்கவேண்டும். பெரிய ஃப்ளட் லைட்டைத் தெருவை நோக்கி வைத்துவிட்டு "பளிச்சுனு இருக்கு" என்று திருப்திப்படுவார்கள். அதன் பின்னால் இருக்கும் பள்ளம் பைக்கில் வருகிறவருக்குக் கறுப்பாகத்தான் தெரியும்.

விளக்கு எத்தனை மணிவரை எரிகிறது என்பதை வாங்கும்போதே கேளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குமேல் யார் வரப்போகிறார்கள் என்று நினைப்போம். நாலரை மணிக்குப் பால் கேனோடு பைக் வரும், அதற்குமுன் பூக்காரம்மா பஸ்ஸுக்கு நடப்பார். சாயங்காலம் ஆறு மணி முதல் காலை ஆறரை வரை, பன்னிரண்டரை மணி நேரம் தாங்கவேண்டும். சோலார் பிளிங்க்கர் நல்ல பொருள்தான். மேகம் மூடிய நாளில் சார்ஜ் ஏறாது, நடுராத்திரியில் அணையும். மழைக்காலத்துக்குப் பேட்டரி வகையே வாங்குவோம்.

## ஜாக்கிரதை

தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கவே கூடாது. சட்டப்படி குற்றம், ஈர மண்ணில் உயிருக்கே ஆபத்து. வீட்டிலிருந்து இணைப்பு வாங்கினால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் தரையில் ஓடக்கூடாது, நடுவில் ஒட்டுப் போட்டிருக்கக்கூடாது. பேட்டரி விளக்கு என்றால் இந்தக் கவலையே இல்லை.

கோன் காணாமல் போகும். முதல் வாரத்திலேயே இரண்டு போய்விடும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஊராட்சிப் பெயரைப் பெயின்ட்டில் எழுதினால் கொஞ்சம் மிஞ்சும்.

வேலியைப் பிரித்துவிட்டு வண்டி எடுத்துப் போகிறவர்கள் இருப்பார்கள், திட்டிப் பயனில்லை. எங்கே பிரிக்கிறார்கள் என்று கவனித்தால் அங்கேதான் வழி தேவைப்படுகிறது என்று புரியும். அந்த இடத்தில் முறையான பாலம் ஒன்று போட்டுவிடலாம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு சுற்று, ராத்திரி பத்துக்கு ஒன்று, விடியுமுன் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துவைப்போம். பிறகு யாராவது "தடுப்பே இல்லை" என்றால் நேரத்தோடு காட்டலாம்.

## மற்றவர் வெட்டிய பள்ளம் என்றால்?

நாம் வெட்டவில்லை, யாரோ வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முதலில் நாமே கிடைத்ததை வைத்து மறித்து, படம் எடுத்து ஊராட்சிக்கும் பி.டி.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுப்போம். முதல்வரின் உதவி மைய எண் 1100. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் "நம்ம சாலை" செயலி இருக்கிறது.

அதற்கும் அசையவில்லையா? பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. பொது வழியை ஒட்டிய குளம், கிணறு, பள்ளத்துக்கு வேலி போடச்சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். நமக்கு அது சிதம்பரம் சப்-கலெக்டர் அலுவலகம். பொது வழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம். சாலைப் பணியில் வகுத்த தரத்தை மீறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198-ஏ பிரிவு ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. மனுவில் இந்த எண்களைக் குறிப்பிட்டால் பதில் சீக்கிரம் வரும்.

## கழற்றுவது எப்போது?

குழாய் இறக்கியதும் மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடக்கூடாது. அரை அடி, அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திம்சுக்கட்டையால் இடித்து வரவேண்டும். மேலே சிமென்ட்டோ பேவர் பிளாக்கோ திரும்பப் போடும்வரை வேலை முடிந்ததாக எழுதிக்கொடுக்க வேண்டாம்.

வைத்ததற்கு நேர் எதிர் வரிசையில் எடுப்போம்: முதலில் வேலி, பிறகு கோன், கடைசியில் தெருமுனைப் பலகை. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடாமல் நான்கு கோனும் இரண்டு பிளிங்க்கரும் மட்டும் அங்கேயே இருக்கட்டும். புதிதாக மூடிய பள்ளம் முதல் நல்ல மழையில் அரை அடி உள்வாங்கும். அன்று காலை போய்ப் பார்த்து, இறங்கிய இடத்தில் கிராவல் கொட்டி இடித்துவிட்டு, அதன் பிறகு அவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.